மூன்று மாத மௌனம்

எங்கள் கொங்குப் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனால் அந்தச் செய்தி முதலில் அவள் அம்மாவின் காதுக்குத்தான் போகும். அம்மா உடனே சொல்வது, "மூணு மாசம் முடியற வரைக்கும் ஆருகிட்டயும் மூச்சு விட்றாதே கண்ணு" என்பதுதான். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். என் மகளுக்கு நானும் அப்படியே சொன்னேன். கண் பட்டுவிடக் கூடாது. முதல் மூன்று மாதத்தில் கரு நிலைக்குமா என்ற பயமும் இருக்கும். நாலு பேரிடம் சொல்லிவிட்டு நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் அந்த நாலு பேருக்கும் அந்தப் பிள்ளை பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். இந்த மௌனத்துக்குப் பின்னால் இருப்பது பாசம். அதை நான் குறை சொல்ல வரவில்லை.

ஆனால் 70 வயதில் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. அந்த மௌனத்தோடு பணத்தைப் பற்றிய பேச்சும் சேர்ந்து அடங்கிப் போகிறது. பிரசவத்துக்கு எங்கே போவது, எவ்வளவு ஆகும், யார் கட்டுவது என்பதையெல்லாம் நல்ல நேரத்தில் பேசக்கூடாத அபசகுனமாக ஒதுக்கிவிடுகிறோம். மீண்டும் வாய் திறக்கும்போது ஐந்தாம் மாதமோ ஏழாம் மாதமோ ஆகிவிடுகிறது. அதற்குள் சில கதவுகள் சாத்தியிருக்கின்றன.

நான் 34 ஆண்டுகள் கோவையில் ஒரு பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனத்தின் கிளை அலுவலகத்தில் வேலை பார்த்தவள். தீ விபத்து, வாகனம், சரக்கு என்று பல மேசைகளில் உட்கார்ந்திருக்கிறேன். 1986-ல் 'மெடிக்ளெய்ம்' என்ற பெயரில் மருத்துவக் காப்பீடு வந்த பிறகு பல வருடம் அந்த மேசைதான் எனக்கு. அந்தத் தனிநபர் பாலிசியில் பிரசவச் செலவு சேராது. இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

அவர்களில் ஒருவரை மட்டும் மறக்க முடியவில்லை. தொண்ணூறுகளில் ஒரு நாள், மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. இருபத்தைந்து வயது இருக்கும் ஒரு தம்பி கவுன்ட்டருக்கு வந்து நின்றார். "வீட்டுல ஆறாவது மாசமுங்க. ஒரு பாலிசி போட்டா பிரசவத்துக்கு உதவுமுங்களா மேடம்?" என்று கேட்டார். "பிரசவத்துக்கு இதுல கிடையாதுங்க" என்றேன். அது உண்மை. அவரும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். நானும் டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டேன்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு சாயங்காலம், பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் வழியில் ஓர் அடகுக்கடையின் படியிறங்கி வந்தவர் என்னைப் பார்த்து வணக்கம் வைத்தார். அதே தம்பி. பெண் குழந்தை பிறந்திருக்கிறது, ஆபரேஷன் செய்யவேண்டியதாகிவிட்டது, சம்சாரத்தின் வளையலை வைத்திருக்கிறேன் என்று சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்போதுதான் அவர் போட்டிருந்த சட்டையைக் கவனித்தேன். பம்ப் செட் கம்பெனி ஒன்றின் சீருடை அது. சட்டைப்பையின் மேல் கம்பெனியின் பெயர் தைத்திருந்தது. அப்படிப்பட்ட கம்பெனிகளில் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குச் சம்பளத்தில் பிடிப்பார்கள். மனைவியின் பிரசவம் அதில் அடங்கும். எங்கள் கோவையில் அந்தத் திட்டம் 1955-லேயே வந்துவிட்டது. அவருக்கு அது இருந்ததா, இருந்தும் தெரியாமல் போனதா என்று எனக்குத் தெரியாது. "நீங்க எங்கே வேலை பாக்கறீங்க?" என்று ஒரு கேள்வி நான் அன்றைக்குக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை.

"இல்லை" என்று நான் சொன்னதில் தவறில்லை. அதோடு நிறுத்திக்கொண்டதுதான் தவறு. "இங்கே இல்லை" என்பது பாதி பதில். "எங்கே இருக்கிறது" என்பதையும் சொன்னால்தான் பதில் முழுதாகும். இதைப் படித்துக்கொள்ள எனக்கு ஒருவரின் வளையல் அடகுக்குப் போகவேண்டியிருந்தது.

போன வருடம் என் தம்பி மகள் வந்தாள். கல்யாணம் ஆகி எட்டு மாதம். ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. உட்காரச் சொன்னால் உட்காராமல் சமையலறை வாசலிலேயே நின்றாள். "அத்தை, அம்மாகிட்ட சொல்லீறாதீங்க. நாள் தள்ளியிருக்குதுங்க. பதினோரு வாரம்னு டாக்டர் சொன்னாங்க" என்றாள். சந்தோஷத்தில் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் முகத்தில் சந்தோஷத்தைவிடக் கவலைதான் அதிகம் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும் மருத்துவமனையில் ஒரு பிரசவத் தொகுப்புக் கட்டணம் சொல்லியிருந்தார்கள். அது அவர்கள் இரண்டு பேரின் இரண்டு மாதச் சம்பளத்தையும் தாண்டியது. "இப்பவே ஒரு பாலிசி எடுத்துட்டா ஒம்பதாவது மாசத்துக்கு உதவாதுங்களா அத்தை? ஒருத்தர் எடுத்துத் தரேங்கறார். படிவத்துல மாசமா இருக்கறத எழுத வேண்டாமுங்கறார்."

அந்தக் கடைசி வரியைக் கேட்டதும் எனக்கு வயிறு கலங்கியது. அவளை உட்கார வைத்து, முதலில் அதைத்தான் விளக்கினேன். நீங்களும் கேளுங்கள்.

தனியாக எடுக்கும் சாதாரண மருத்துவக் காப்பீட்டில், பிரசவம் விலக்கப்பட்ட செலவு. சுகப்பிரசவமானாலும் சிசேரியனானாலும் அப்படித்தான். கருப்பைக்கு வெளியே, குழாயில் தங்கிவிடும் கருவுக்கான சிகிச்சைக்கு மட்டும் அந்த விலக்கு பொருந்தாது. மகப்பேறு சேர்ந்த பாலிசிகளும் சந்தையில் உண்டு. ஆனால் அவற்றில் காத்திருப்புக் காலம் இருக்கும். ஒன்பது மாதத்தில் தொடங்கி இரண்டு, மூன்று, நான்கு வருடம் வரைக்கும் போகும். ஒன்பது மாதம் என்று இருக்கும் பாலிசியை எடுத்தாலும், ஏற்கெனவே பதினோரு வாரம் ஆன பெண்ணுக்குப் பிரசவ நாள் முந்திக்கொள்ளும். கணக்கு அவ்வளவுதான்.

மழை பிடித்துக்கொண்ட பிறகு கூரை வேய முடியாது என்பது காப்பீட்டுத் தொழிலின் அடிப்படை. எல்லோரும் செலவு உறுதியான பிறகே வந்து சேர்ந்தால், கட்டுகிற பணமும் கொடுக்கிற பணமும் ஒன்றாகிவிடும். இந்த நியாயம் எனக்குப் புரியும். புரியாமல் தவிப்பது வீட்டில் இருக்கும் பெண். அவளிடம் இதை முன்னமே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கர்ப்பத்தை மறைத்துப் படிவம் கொடுக்கச் சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டு மருமகள் நாலாம் மாதத்தில் அப்படித்தான் பாலிசி எடுத்தாள். கர்ப்பமா என்ற கேள்விக்கு முகவர் 'இல்லை' என்று நிரப்பினார். அவள் கையெழுத்துப் போட்டாள். பிரசவக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. பொய்த் தகவல் தந்தார் என்று பாலிசியும் ரத்தானது. குழந்தைக்கு மஞ்சள் காமாலை வந்து நாலு நாள் விளக்கு வெளிச்சத்தில் வைத்ததற்கும் கைப்பணம்தான். அந்த வீட்டில் பணம் போனதைவிட, 'நீ பொய் சொன்னாய்' என்ற பேச்சு அந்தப் பெண்ணை அதிகம் உடைத்துப்போட்டது. எழுதியவர் வேறு, கையெழுத்து அவளுடையது. படிவத்தை நாமே நிரப்பவேண்டும். கையெழுத்துப் போடுமுன் ஒவ்வொரு வரியையும் படிக்கவேண்டும். பாலிசி கைக்கு வந்த பிறகு வேண்டாம் என்று தோன்றினால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமையும் நமக்கு இருக்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, முப்பது வருடத்துக்கு முன்னால் கேட்கத் தவறிய கேள்வியை என் தம்பி மகளிடம் கேட்டேன். "மாப்பிள்ளை எங்கே வேலை பாக்கறார்?"

"கணபதியில ஒரு லேத் வொர்க்ஸ்லங்க."

"சம்பளம்?"

"பத்தொம்பதாயிரமுங்க."

"அவரோட சம்பளச் சீட்டை எடுத்துட்டு வரச் சொல்லு."

மறுநாள் ஞாயிறு. மாப்பிள்ளை சீட்டோடு வந்தார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் பார்த்தேன். வருங்கால வைப்பு நிதிக்குக் கீழே ஒரு வரி: ஈ.எஸ்.ஐ., 143 ரூபாய். "இது என்னன்னு தெரியுமுங்களா மாப்பிள்ளை?" என்றேன். "மாசாமாசம் பிடிக்கறாங்க அத்தை. எதுக்குன்னு கேட்டதில்லைங்க" என்றார். இவர்கள் ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்த காப்பீடு அந்த ஒரு வரியில் இருந்தது. இரண்டு வருடமாக மாதம் 143 ரூபாய் இவர் கட்டுகிறார். முதலாளி 618 ரூபாய் போடுகிறார். ஒரு நாள்கூட ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தின் படியை இவர் மிதித்ததில்லை.

ஈ.எஸ்.ஐ. பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தெரியாமலே கைவிடப்படுவது இதுதான். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு, சட்டத்துக்கு உட்பட்ட தொழிற்சாலையிலோ கடையிலோ நிறுவனத்திலோ வேலை பார்த்தால், இது உரிமை. சம்பளத்தில் தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு முக்கால் ரூபாய். முதலாளியின் பங்கு மூன்றேகால் ரூபாய். தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் சாதாரண மருத்துவத்துக்கு இங்கே காத்திருப்புக் காலம் இல்லை. கர்ப்பமாக இருக்கிறாளா என்று கேட்டுத் திருப்பி அனுப்புவதும் இல்லை. மாதாந்தரப் பரிசோதனையும் பிரசவமும் இதில் அடங்கும். வேலை பார்ப்பது பெண்ணாக இருந்தால், முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாளுக்குப் பணம் கட்டியிருந்தால் போதும், 26 வாரத்துக்குச் சம்பளத்துக்கு ஈடான பணமும் கிடைக்கும்.

எங்கள் மாப்பிள்ளையிடம் ஒரு குறை இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்தவர், பதிவில் அம்மா அப்பா பெயரோடு விட்டிருந்தார். மனைவி பெயரைச் சேர்க்கவில்லை. அடுத்த நாளே கம்பெனி அலுவலகத்தில் ஆதார் நகலும் திருமணச் சான்றும் புகைப்படமும் கொடுத்துச் சேர்க்கச் சொன்னேன். திருமணத்தை அவர்கள் பதிவு செய்திருந்தது நல்லதாகப் போயிற்று. தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்தே ஆகவேண்டும். இருந்தும் பாதிப் பேர் பாஸ்போர்ட் எடுக்கும்போதுதான் அதை நினைக்கிறார்கள்.

இரண்டாவது வேலை, மௌனத்தை உடைப்பது. அவளுக்குப் பன்னிரண்டு வாரம் முடிய ஆறு நாள்தான் இருந்தது. "உங்கம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன். நாளைக்கே போய்க் கார்டு போட்டுக்கோ" என்றேன். கிராமமானால் கிராம சுகாதார செவிலியர், நகரமானால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். 102 என்ற எண்ணுக்குப் பேசியும் பதிவு செய்யலாம். பதிந்தவுடன் 12 இலக்க எண் ஒன்று தருவார்கள். நம் பெண்கள் அதைப் 'பிக்மி நம்பர்' என்பார்கள். தனியார் மருத்துவமனையில் பார்த்துக்கொண்டாலும் அந்த எண் வேண்டும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கே நம் மாநிலத்தில் அதைக் கேட்கிறார்கள்.

அந்தப் பதிவுக்கு ஏன் அவசரம் என்றால், ஏழைத் தாய்மாருக்கான மகப்பேறு நிதியுதவி அதைத்தான் ஆதாரமாகக் கொண்டிருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் இருக்கும் அந்தத் திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 ரூபாய் தவணைகளாக வங்கிக் கணக்குக்கு வரும். மீதி 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள, 19 வயது நிறைந்த பெண்ணுக்கு, முதல் இரண்டு பிரசவங்களுக்கு. பன்னிரண்டு வாரத்துக்குள் பதியச் சொல்கிறார்கள். நம் வழக்கம் பன்னிரண்டு வாரம் வரை வாய் திறக்காதே என்கிறது. இந்த இரண்டும் ஒரே நாளில் மோதிக்கொள்கின்றன. தோற்பது ஏழைப்பெண்.

எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அம்மாவின் மகள் அப்படித்தான் தோற்றாள். நான்காம் மாதம் கடைசியில்தான் போனாள். முதல் தவணைக்குத் தாமதமாகிவிட்டது. "மூணு மாசம் முடியட்டும்னு இருந்தோமுங்க" என்றார்கள். யாரிடமும் சொல்லவேண்டாம் என்றால் ஊராரிடம் சொல்லவேண்டாம். செவிலியரிடம் சொல்வது கண் படுவதல்ல, காவல் வைப்பது. புதுக்கோட்டையில் பிறந்து, பெண்கள் வீட்டுக்குள் அடங்கிக் கிடந்த காலத்தில் 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று வெளியே வந்தவர் முத்துலட்சுமி ரெட்டி. அவர் பெயரில் இருக்கும் உதவியை நம் பெண்கள் கூச்சத்தால் இழப்பதைக் காண எனக்குப் பொறுக்கவில்லை.

தனியார் மருத்துவமனைக்கு வசதியில்லை என்றால் நடுத்தர வீட்டுப் பெண்கள் உடனே சொல்வது, "கவர்மென்ட் ஆஸ்பத்திரியா?" என்பது. என் மூத்த மகள் பிறந்தது இதே ஊரின் பெரியாஸ்பத்திரியில்தான். படுக்கைக்கு நெருக்கடி, கூட்டம், சில நேரம் கடுஞ்சொல், எல்லாம் இருந்தன. கூடவே கைராசி உள்ள டாக்டரும் விடிய விடிய விழித்திருந்த நர்சும் இருந்தார்கள். 2011 ஜூன் மாதம் முதல் அரசு மருத்துவமனைகளில் பிரசவம், சிசேரியன், மருந்து, பரிசோதனை, இரத்தம், சாப்பாடு எல்லாம் கட்டணமில்லாமல் தரவேண்டும் என்பது நாடு முழுவதற்குமான திட்டம். வீட்டிலிருந்து கூட்டிப்போவதும் பிறகு கொண்டுவந்து விடுவதும் அதில் சேரும். குழந்தைக்கு உடம்பு முடியாவிட்டாலும் இலவசம்தான். ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி கர்ப்பிணிகளுக்கென்றே சிறப்புப் பரிசோதனையும் நடக்கிறது. இதெல்லாம் தர்மமில்லை. நாம் சோப்புக்குக்கூடக் கட்டுகிற வரியில் நடப்பது. கை நீட்டுவதாக நினைத்து யாரும் கூசவேண்டாம்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை உண்டு. குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை. சாதாரணப் பிரசவத்துக்கு அரசு மருத்துவமனையே போதும் என்பதால் அதற்கு இந்த அட்டை பெரிதாகத் தேவைப்படாது. ஆனால் பிரசவத்துக்குப் பிறகு குழந்தைக்கோ தாய்க்கோ பெரிய சிகிச்சை என்று ஒன்று வந்தால், இந்த அட்டை கையில் இருக்கும் வீடும் இல்லாத வீடும் ஒன்றல்ல. வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் ஆதாரும் வைத்து மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எடுத்துக்கொள்ளலாம். வலி எடுத்த பிறகு வருமானச் சான்றுக்கு ஓடாதீர்கள். ஐந்தாம் மாதத்திலேயே எடுத்துப் பெட்டிக்குள் வையுங்கள்.

இந்த இரண்டு வரம்புகளுக்கும் மேலே சம்பளம் இருக்கும் பிள்ளைகள் இன்னொன்றைப் பார்க்கவேண்டும்: கம்பெனி எடுத்திருக்கும் குழுக் காப்பீடு. தனிநபர் பாலிசிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இங்கேதான். பெரும்பாலான குழுக் காப்பீடுகளில் மகப்பேறுக்கான ஒன்பது மாதக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள். ஏற்கெனவே கர்ப்பமாக இருந்தாலும் பிரசவச் செலவில் ஒரு வரம்பு வரை கிடைக்கும். பிறந்த குழந்தையை முதல் நாளிலிருந்தே சேர்த்துக்கொள்வதும் உண்டு. ஆனால் மனைவியின் பெயர் அதில் இருக்கவேண்டும். கல்யாணம் ஆன சில வாரங்களுக்குள் சேர்க்கச் சொல்லி ஒரு கெடு வைத்திருப்பார்கள். அதைத் தவறவிட்டால் அடுத்த புதுப்பித்தல் வரை காத்திருக்கவேண்டும். மனிதவளத் துறையிடம் இரண்டு பேரும் கேட்கவேண்டிய கேள்விகள் நாலு. மகப்பேறு உண்டா? வரம்பு எவ்வளவு? மனைவி பெயர் ஏறியிருக்கிறதா? குழந்தையை எத்தனை நாளுக்குள் சேர்க்கவேண்டும்? பதிலை வாய்வார்த்தையாக வாங்காதீர்கள். எழுத்தில் வாங்குங்கள்.

இந்த இடத்தில் மாமியார்மார்களிடம் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். "வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டு எதுக்கு வேலைக்குப் போறே, எழுதிக் குடுத்துட்டு வா" என்று அன்பாகச் சொல்லிவிடுகிறோம். மருத்துவர் ஓய்வெடுக்கச் சொன்னால் கட்டாயம் எடுக்கட்டும். ஆனால் விடுப்பு எடுப்பது வேறு, வேலையை விடுவது வேறு. ராஜினாமா செய்தால், அவளுடைய குழுக் காப்பீடு அந்த வேலையின் கடைசி நாளோடு முடிந்துவிடும். கூடவே மகப்பேறு விடுப்பும் போய்விடும். 1961-ல் வந்த மகப்பேறு நலச் சட்டம் 2017-ல் திருத்தப்பட்டு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு தந்தது. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். என் தம்பி மகளையும் பள்ளியிலிருந்து நின்றுகொள்ளச் சொல்லிப் பேச்சு எழுந்தது. நான் போய்த் தடுத்தேன். அவள் விடுப்பில் போனாள், சம்பளத்தோடு.

இதெல்லாம் எதுவும் பொருந்தாத வீடுகளும் இருக்கின்றன. சொந்தமாகச் சின்னக் கடை வைத்திருப்பவர், வாடகை வண்டி ஓட்டுபவர். தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருந்தால் அங்கே மகப்பேறு உதவித்தொகை உண்டு. முதலில் அதைப் பாருங்கள். தனியார் மருத்துவமனைதான் என்று முடிவானால், நாலாம் மாதமே போய்க் கட்டணத்தைக் கேளுங்கள். சுகப்பிரசவத்துக்கு எவ்வளவு, சிசேரியனுக்கு எவ்வளவு, இரத்தமும் குழந்தை மருத்துவர் கட்டணமும் சேர்ந்ததா, குழந்தையைத் தீவிர சிகிச்சையில் வைத்தால் ஒரு நாளைக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். தொகுப்புக் கட்டணத்தில் பெரும்பாலும் சேராமல் நிற்பது அந்தக் கடைசிச் செலவுதான். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்குச் சுமார் 45 பிரசவம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் அது அறுபதைத் தாண்டியது. அதனால் சுகப்பிரசவத்துக்கு மட்டும் பணம் ஒதுக்கி வைப்பது போதாது. மீதி மாதங்களுக்கு ஒரு அஞ்சலகச் சேமிப்பிலோ நம்பிக்கையான கணக்கிலோ மாதம் ஒரு தொகை போட்டு வையுங்கள். ஐயாயிரம் வீதம் ஆறு மாதத்துக்குப் போட்டால் 30,000 ரூபாய். வட்டிக்கு வாங்கும் அளவு அந்த அளவுக்குக் குறையும்.

அப்படியானால் கர்ப்பிணி பாலிசியே எடுக்கக்கூடாதா என்று கேட்பீர்கள். இந்தப் பிரசவத்துக்காக எடுக்கவேண்டாம். அடுத்ததற்காக எடுக்கலாம். சில நிறுவனங்கள் பிரசவம் முடியட்டும் என்று தள்ளிவைக்கும். ஏற்றுக்கொண்டால், உண்மையை எழுதி எடுத்தால், காத்திருப்புக் காலத்தின் கடிகாரம் அன்றிலிருந்து ஓடத் தொடங்கும். விபத்துக்கு முதல் நாளிலிருந்தும், காய்ச்சல் போன்றவற்றுக்கு 30 நாளுக்குப் பிறகும் பயன்படும். பிறந்த குழந்தையைப் பல பாலிசிகளில் 90 நாள் முடிந்த பிறகே சேர்ப்பார்கள். அந்தத் தேதியை நாள்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் எடுக்கப்பட்டுவிட்டது. தள்ளிப்போட ஒரு காரணம் குறைந்திருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகும் என் மனதில் நிற்பது கல்யாண வீடுதான். பத்திரிகை அச்சடிப்பு, பந்தல், பட்டுப்புடவை, எத்தனை வகைப் பலகாரம் என்று எல்லாவற்றையும் ஆறு மாதம் உட்கார்ந்து பேசுகிறோம். ஒரு வருடத்துக்குள் அந்த வீட்டில் தொட்டில் ஆடவேண்டும் என்று ஆசீர்வாதமும் செய்கிறோம். தொட்டிலுக்கு முன்னால் வரும் மருத்துவமனைச் செலவைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. என் தம்பி மகளின் கல்யாணத்தில் பெண் வீட்டுப் பெரியவளாக நானும் மேடையில் நின்றேன். 34 வருடம் காப்பீட்டு அலுவலகத்தில் இருந்தவள், "மாப்பிள்ளை, பொண்ணு பேரைச் சேத்துட்டீங்களா?" என்று கேட்கவில்லை. நல்ல நாளில் ஆஸ்பத்திரிப் பேச்சு எதற்கு என்று இருந்துவிட்டேன். எட்டு மாதம் அவர்கள் காப்பீடு இருந்தும் இல்லாதவர்களாக வாழ்ந்ததில் என் மௌனத்துக்கும் பங்கு இருக்கிறது.

இப்போது கல்யாணத்துக்குப் போனால் மொய்க் கவரோடு ஒரு சீட்டும் எழுதி வைக்கிறேன். மூன்றே வரிகள். திருமணத்தைப் பதிவு செய்யுங்கள். ஈ.எஸ்.ஐ.யிலோ குழுக் காப்பீட்டிலோ ஒருவர் பெயரை ஒருவர் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் இல்லையென்றால் மகப்பேறு சேர்ந்த பாலிசியை இந்த மாதமே எடுங்கள், காத்திருப்புக் காலம் இப்போதே தொடங்கட்டும். ஒருமுறை ஒரு மாப்பிள்ளையின் அப்பா, "மொய்யில இது என்னங்க?" என்று கேட்டார். பேரனுக்கான மொய் என்றேன்.

ஏற்கெனவே கருவைச் சுமந்துகொண்டு இந்தக் கட்டுரையைப் படிக்கும் மகளுக்கு ஒரு வார்த்தை. தாமதமாகிவிட்டதே என்று கலங்காதே, தாயே. பாலிசி தேடி அலையவேண்டாம். உன் சம்பளச் சீட்டையும் உன் வீட்டுக்காரர் சம்பளச் சீட்டையும் இன்றைக்கு எடுத்துப் பார். நாளைக்குப் போய்ச் செவிலியரிடம் கார்டு போட்டுக்கொள். எங்கே போனாலும் வாய் திறந்து கேள்; ஒருவர் இல்லை என்றால், 'அப்படியானால் எங்கே?' என்று அவரையே திருப்பிக் கேள். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அந்தக் கேள்வி தேவைப்படுகிறது. எனக்குத் தேவைப்பட்டது.

என் தம்பி மகளுக்கு ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் சுகப்பிரசவம் ஆயிற்று. பெண் குழந்தை. அவள் கையில் இருந்த வளையல்கள் எல்லாம் அவள் கையிலேயே இருக்கின்றன.